மருத்துவம் படித்துக்கொண்டே ஆடிய சாக்ரடீஸ்: வியாசர்பாடியிலிருந்து ஒரு கேள்வி

முல்லைநகர் தாய்மாமன்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து முல்லை நகர் மைதானத்தில் பந்து ஆடி வருகிறாள்; இப்போது எங்கள் பகுதிப் பெண்கள் அணியில் நடுக்களத்தில் அவளைச் சுற்றித்தான் ஆட்டமே நடக்கிறது என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்கிறார். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு அதே அளவு உண்டு. நீட் பயிற்சிக்காகச் சேர்த்த இடத்தில் என் அக்காவை உட்கார வைத்து, "இன்னும் ஓராண்டுக்குப் பிள்ளை பந்தைத் தொடக் கூடாது, பந்து ஆடியவர்கள் யாரும் டாக்டர் ஆனதாகச் சரித்திரம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே அக்கா அவளுடைய பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். பிள்ளை அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

உலகக் கோப்பை வந்துவிட்டால் எங்கள் தெருச் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மாறிவிடும் என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பெலே, ரொனால்டினோ, நெய்மர் எல்லோரும் எங்கள் சுவரில் உண்டு. அவர்களுக்கு நடுவே தாடியும் தலைப்பட்டையுமாக ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "சாக்ரடீஸ். பிரேசில் கேப்டனாக இருந்தவர். டாக்டருக்குப் படித்தவர்" என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர் உண்மையிலேயே மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடினாரா, இல்லை புகழ் வந்த பிறகு யாராவது கொடுத்த கௌரவப் பட்டமா? படித்துக்கொண்டே ஆடினார் என்றால், படிப்பு அவருடைய ஆட்டத்தைக் கெடுத்ததா? அக்காவிடம் போய்ச் சொல்வதற்கு உறுதியான செய்தி வேண்டும். நான் ஒரு கட்டுக்கதையைச் சொல்லி, அது பொய் என்று பிறகு தெரிந்தால், அந்தப் பிள்ளைக்காகப் பேச வீட்டில் வேறு யாரும் இல்லை. தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பெரம்பூர் பழைய ஆட்டக்காரர்:

தம்பி, அது கௌரவப் பட்டம் இல்லை. உங்கள் அக்காவிடம் தயக்கமின்றிச் சொல்லுங்கள். நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; பணிமனை அணிக்காகப் பதினொரு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவன். சாக்ரடீஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நாற்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் 1954 பிப்ரவரி 19 அன்று பிரேசிலின் வடக்கே, அமேசான் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பெலெம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பெரிய பள்ளிக்கூடப் படிப்பு இல்லாமல், தானாகவே புத்தகம் படித்து முன்னேறி அரசு வேலைக்கு வந்தவர். கிரேக்க நூல்களின் மேல் அவருக்கு இருந்த காதல் எவ்வளவு என்றால், மூத்த மகனுக்குச் சாக்ரடீஸ் என்று பெயர் வைத்ததோடு நிற்காமல், அடுத்த பிள்ளைகளுக்கும் சோஃபக்லீஸ், சோஸ்தனீஸ் என்று கிரேக்கப் பெயர்களையே வைத்தார். 1964-இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, வீட்டில் சிக்கினால் ஆபத்து என்று அந்தத் தந்தை தம்முடைய புத்தகங்கள் சிலவற்றைத் தம் கையாலேயே எரித்தார். பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னாளில் அரசியலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாக்ரடீஸ் திரும்பிப் போன இடம் அந்தக் காட்சிதான்.

குடும்பம் சாவோ பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதியில் இருக்கும் ரிபெய்ராவ் பிரேட்டோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. அதில் அவர் சேர்ந்தார். அதே ஊரின் பொட்டாஃபோகோ என்ற கிளப்பில் 1974 முதல் ஆடினார். ரியோ நகரில் இதே பெயரில் ஒரு பெரிய கிளப் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது வேறு, சிறிய கிளப். பகலில் கல்லூரியும் மருத்துவமனை வார்டும், கிடைத்த நேரத்தில் பயிற்சி என்றுதான் அவருடைய வாழ்க்கை ஓடியது. மற்றவர்கள் நாள்தோறும் பயிற்சிக்கு வந்தபோது இவர் பல நாள் வராமலேயே ஆட்டத்தன்று நேராக வந்து ஆடினார். கிளப்பும் அதற்கு ஒப்புக்கொண்டது. அப்படி ஆடியே 1976-இல் சாவோ பாவ்லோ மாநில லீக்கில் அதிக கோல் அடித்தவராக வந்தார். 1977-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன் பிறகுதான், 1978-இல், கொரிந்தியன்ஸ் என்ற பெரிய கிளப்புக்குப் போனார்.

படிப்பு ஆட்டத்தைக் கெடுத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய ஆட்டத்தையே அந்தப் படிப்புதான் வடித்தது என்பது என் எண்ணம். எப்படி என்று சொல்கிறேன். அவர் ஆறடிக்கு மேல் உயரம், குச்சி போன்ற உடம்பு, உயரத்துக்குப் பொருந்தாத சிறிய பாதம். சரியான பயிற்சி இல்லாத உடம்பு என்பதால், இடித்துக்கொண்டு ஓடவோ, பின்னால் வருகிறவனிடம் இருந்து சட்டென்று திரும்பித் தப்பவோ அவரால் முடியாது. ஆகவே திரும்பவே தேவையில்லாத ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார். பந்து தம்மிடம் வருவதற்கு முன்பே பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார். வந்த பந்தை நிறுத்தாமல் குதிகாலால் பின்பக்கமாகத் தட்டிவிடுவார். இங்கே நம் பிள்ளைகள் பார்ப்பவர்களை அசத்த பேக் ஹீல் அடிப்பார்கள். அவருக்கு அது அலங்காரம் அல்ல, பிழைக்கும் வழி. எதிரணிக்காரன் இவர் திரும்புவார் என்று காத்திருப்பான். பந்து அதற்குள் கூட்டாளியின் காலில் இருக்கும். நேரம் இல்லாதவன் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. நடுக்கள ஆட்டக்காரருக்கு வேண்டியதும் அதுவே: தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், பந்து வரும் முன்பே முடிவு கையில் இருக்க வேண்டும்.

கொரிந்தியன்ஸில் 1984 வரை ஆடினார். முந்நூறுக்குச் சற்றே குறைவான ஆட்டங்களில் 172 கோல். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு இது எப்பேர்ப்பட்ட கணக்கு என்று உங்கள் அக்கா மகளுக்கே தெரியும், அவளிடம் கேளுங்கள்.

ராயபுரம் மருத்துவர்:

பெரியவர் எழுதியதை மதித்துப் படித்தேன். நான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறேன். கல்லூரி நாள்களில் நானும் ஆடியவள். அந்தக் குடும்பம் தெளிவான கண்ணோடு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக, இதே கதையில் சாக்ரடீஸ் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் பெரிய கிளப்புக்கு வந்தபோது வயது 24. பிரேசில் அணிக்காக முதன்முதலில் ஆடியது 1979-இல், 25 வயதில். பெலே 17 வயதில் உலகக் கோப்பையை வென்ற நாட்டில் இது மிகவும் தாமதம். 1978 உலகக் கோப்பை அவர் இல்லாமலேயே போய்விட்டது. பிரேசிலுக்காக ஆடியவை 60 ஆட்டங்கள், 22 கோல்கள். முழுநேர ஆட்டக்காரராக 20 வயதிலேயே வந்திருந்தால் இந்த எண்கள் வேறாக இருந்திருக்கும். ஆனாலும் படிப்பை முடிக்காமல் பெரிய கிளப்புக்குப் போவதில்லை என்ற முடிவை அவர் தெரிந்தேதான் எடுத்தார். உங்கள் அக்கா மகளும் எதைப் பெறுகிறாள், எதைத் தள்ளிவைக்கிறாள் என்று தெரிந்தே எடுக்கட்டும்.

இன்னொன்று, மருத்துவராகச் சொல்ல வேண்டியது. தம் உடம்பை அவர் காத்துக்கொள்ளவில்லை. ஆடிய காலம் முழுவதும் புகைபிடித்தார், குடித்தார். 1982 உலகக் கோப்பைக்கு முன்னால் சிகரெட்டை ஒதுக்கிக் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். அந்தச் சில மாதங்களில் அவருடைய உடம்பு எந்த அளவுக்கு ஈடு கொடுத்தது என்பதை அந்தத் தொடரில் உலகமே பார்த்தது. பிறகு மீண்டும் பழைய வழிக்கே போனார். 2011-இல் இரைப்பை, குடல் பகுதியில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று, தொற்று ரத்தத்தில் பரவிய அதிர்ச்சியால், 57 வயதில் இறந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையே கொரிந்தியன்ஸ் தேசிய சாம்பியன் ஆனது. ஆட்டம் தொடங்கும் முன்பு, கோல் அடித்ததும் அவர் செய்வது போலவே ஆட்டக்காரர்கள் எல்லோரும் வலது கையை உயர்த்தி முஷ்டி மடக்கி நின்றார்கள். அந்தப் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வார்டில் கல்லீரல் நோயோடு வருகிற நாற்பது வயது ஆண்களைப் பார்க்கும் நாள்களில் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அவருடைய காலமும் நம் காலமும் ஒன்று அல்ல. அங்கே மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டு. நுழைந்த பிறகுதான் அவர் தொழில்முறையாக ஆடத் தொடங்கினார். உங்கள் பிள்ளைக்கு நுழைவதே பெரிய மலை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து படிக்கிற பிள்ளையும், பதினாறு மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் என்னுடன் படித்திருக்கிறார்கள். முதல் பிள்ளை பின்தங்கியதை நான் பார்க்கவில்லை. பந்தையே தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியவர்கள் அந்தப் பிள்ளையின் தூக்கத்தையும் மனத்தையும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓட்டேரி வாசகர்:

இருவரும் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது இல்லாமல் சாக்ரடீஸைப் பேச முடியாது. அவருக்குப் படிக்க நேரம் கிடைத்தது, கிளப் ஒப்புக்கொண்டதால் என்று பெரியவர் சொன்னார். ஆட்டக்காரருக்கும் கிளப்புக்கும் நடுவே இப்படிப் பேசி முடிவெடுக்க முடியும் என்பதை அவர் பிறகு ஒரு கிளப்பின் சட்டமாகவே ஆக்கிக் காட்டினார்.

கொரிந்தியன்ஸ் 1910-இல் சாவோ பாவ்லோவின் பொம் ரெட்டிரோ என்ற உழைப்பாளர் குடியிருப்பில், சாதாரணத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கிளப். ரயில் பாதையை ஒட்டிய அந்தக் குடியிருப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரம்பூரும் பேசின் பிரிட்ஜும்தான் கண்ணில் வரும். என் பாட்டனார் பி அண்ட் சி மில்லில் நெசவு ஓட்டியவர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தப் பகுதி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. கூட்டம் போட்டு, கை தூக்கி முடிவெடுப்பது என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கேட்ட கதை. அதனால் இதை எழுதும்போது கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் பிரேசிலில் ராணுவ ஆட்சி இன்னும் முடியவில்லை. அங்கே ஆட்டக்காரர் என்றால் கிளப் நிர்வாகம் சொன்னபடி நிற்க வேண்டும், உட்கார வேண்டும். ஆட்டத்துக்கு முன்பு ஓரிரு நாள் எல்லோரையும் ஒரு விடுதியில் பூட்டி வைப்பது அப்போதைய வழக்கம். மனைவி, பிள்ளைகளைப் பார்க்க முடியாது. அடில்சன் மொன்டெய்ரோ ஆல்வெஸ் என்ற சமூகவியலாளர் கொரிந்தியன்ஸின் கால்பந்துப் பொறுப்புக்கு வந்தபோது, ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு "என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். சாக்ரடீஸ், தற்காப்பு ஆட்டக்காரர் வ்லாடிமிர், இளம் முன்கள ஆட்டக்காரர் காசாக்ராண்டே ஆகியோர் முன்னால் நின்றார்கள். அதற்குப் பிறகு விடுதியில் பூட்டி வைப்பதா வேண்டாமா, புதிய ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கலாமா, பயிற்சி எத்தனை மணிக்கு, வெளியூர்ப் பயணத்தில் பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பது வரை வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தார்கள். பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும் இருந்த அதே ஒரு வாக்குதான் உடம்பு பிடித்துவிடுகிறவருக்கும், சீருடை மூட்டை தூக்குகிறவருக்கும். விளம்பரத் துறையில் இருந்த வாஷிங்டன் ஒலிவெட்டோ இதற்குக் 'கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்' என்று பெயர் சூட்டினார்.

வாக்கெடுப்பு வைத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்றவர்களுக்கு மைதானத்திலேயே பதில் கிடைத்தது. 1982, 1983 இரண்டு ஆண்டும் மாநிலக் கோப்பை அவர்களுக்கே. 1983 இறுதியாட்டத்துக்கு அவர்கள் களம் இறங்கியபோது தூக்கி வந்த பதாகையில், வென்றாலும் தோற்றாலும் எப்போதும் ஜனநாயகத்தோடு என்று எழுதியிருந்தது. சாவோ பாவ்லோ அணிக்கு எதிரான அந்த இரண்டு இறுதியாட்டங்களிலும் கொரிந்தியன்ஸ் அடித்த இரண்டு கோல்களும் சாக்ரடீஸ் அடித்தவை. 1982 நவம்பர் 15 அன்று தேர்தல் நடந்தபோது, 15-ஆம் தேதி வாக்களியுங்கள் என்று சட்டையின் முதுகில் அச்சிட்டுக்கொண்டு ஆடினார்கள். எந்தக் கட்சிக்கு என்று அதில் இல்லை; வாக்களியுங்கள் என்று மட்டும் இருந்தது.

1984-இல் இத்தாலியில் இருந்து பெரிய அழைப்பு வந்தது. நாட்டின் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்யும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் அப்போது வர இருந்தது. சாவோ பாவ்லோ நகரின் நடுவே கூடிய பெருங்கூட்டத்தில் சாக்ரடீஸ் மேடையேறி, அந்தத் திருத்தம் நிறைவேறினால் நான் நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்றார். ஏப்ரல் 25 அன்று வாக்கெடுப்பு. 320 வாக்குகள் தேவை, 298 கிடைத்தன, நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவைக்கே வரவில்லை. 22 வாக்குகளில் தோற்றது. அவர் ஃபியோரென்டினா என்ற இத்தாலியக் கிளப்புக்குப் போனார். அங்கே அவருடைய மனமும் ஒட்டவில்லை, உடம்பும் ஒட்டவில்லை. ஒரே பருவத்தில் திரும்பிவிட்டார். பிறகு ஃப்ளமெங்கோ, சான்டோஸ், கடைசியாக மறுபடியும் தொடங்கிய ஊரான ரிபெய்ராவ் பிரேட்டோ. ஆட்டத்தை விட்ட பிறகு அங்கேயே மருத்துவமும் பார்த்தார், பத்திரிகையில் எழுதியும் வந்தார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. உங்கள் அக்கா மகளுக்கு முன்னால் இருப்பது பந்தா படிப்பா என்ற கேள்வியாக ஏன் இருக்க வேண்டும்? எந்த நேரத்தில், எத்தனை நாள் என்று அணியோடு உட்கார்ந்து பேசலாமே. ரிபெய்ராவ் பிரேட்டோவின் சிறிய கிளப் அப்படிப் பேசி ஒப்புக்கொள்ளாவிட்டால் 1982-இன் கேப்டன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

முல்லைநகர் தாய்மாமன்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பெரியவர் எழுதியதை முதலில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டம் வாங்கிய ஆண்டைச் சொன்னபோது "இன்னொரு தடவை படி" என்றாள். மருத்துவர் எழுதிய பகுதியையும் மறைக்காமல் படித்தேன். அதைக் கேட்ட பிறகுதான் அக்காவுக்கு என்மேல் நம்பிக்கையே வந்தது. பிள்ளை ஒன்று கேட்கச் சொன்னாள்: அவர் உலகக் கோப்பையை வென்றாரா? வெல்லவில்லை என்றால் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கன்னிகாபுரம் பயிற்சியாளர்:

வெல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் நேரடியாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் ஆடும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள்.

1982-இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பைக்கு டெலே சந்தானா பயிற்சியாளர், சாக்ரடீஸ் கேப்டன். நடுக்களத்தில் அவரோடு சீக்கோ, ஃபால்கவ், செரேசோ. நான்கு பேரும் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்தவர்கள். ஒருவர் இருந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துகொண்டே இருப்பார். முதல் ஆட்டத்தில் சோவியத் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் சாக்ரடீஸ் பெட்டிக்கு வெளியே பந்தை வாங்கினார். அடிப்பது போலக் காட்டி ஒருவரை ஏமாற்றினார். இன்னொருவரையும் அதே போலக் கடந்தார். பிறகு அடித்த அடி மேல் மூலையில் போய் விழுந்தது. இந்தக் காட்சியைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதே பாப்பா, அவருடைய இடுப்பைப் பார். ஏமாற்று வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

ஜூலை 5, பார்சிலோனாவின் சர்ரியா மைதானம், எதிரே இத்தாலி. பிரேசிலுக்கு டிரா போதும். இத்தாலியின் பாவ்லோ ரோஸ்ஸி ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் சாக்ரடீஸ் பந்தைச் சீக்கோவிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடினார். சீக்கோ தம்மை ஒட்டிக்கொண்டிருந்த ஜென்டிலேவை ஒரே சுழற்சியில் கழற்றிவிட்டு, இடைவெளியில் பந்தை நுழைத்தார். கோல் கீப்பர் டினோ ஸோஃப் நடுவே வரும் பாஸை எதிர்பார்த்தார். சாக்ரடீஸ் ஸோஃபுக்கும் அருகில் இருந்த கம்பத்துக்கும் நடுவே அடித்தார். பந்து கோட்டைத் தாண்டும்போது சுண்ணாம்புத் தூள் புகை போல எழும்பும். மெதுவான ஓட்டத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். ரோஸ்ஸி மீண்டும் அடித்தார், ஃபால்கவ் சமன் செய்தார், ரோஸ்ஸி மூன்றாவதும் அடித்தார். 3-2. அன்றோடு பிரேசில் வெளியேறியது. இத்தாலி அந்தக் கோப்பையையே வென்றது. சமமாக இருந்தபோதே பின்வாங்கி நின்றிருக்கலாம் என்று பலர் இன்றைக்கும் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தற்காப்பில் ஆள் குறைவாக இருந்தது, தங்கள் பக்கத்திலேயே அலட்சியமாகக் கொடுத்த பாஸ் ஒன்று கோலாக மாறியது; அவை தவறுகள்தான். ஆனால் அந்த நால்வரையும் பின்னால் நிறுத்திவிட்டால் அது அந்த அணியே அல்ல.

1986 மெக்சிகோவில் அவருக்கு வயது 32. முழங்காலும் மூச்சும் பழையபடி இல்லை. உங்கள் தெருச் சுவரில் இருக்கும் தலைப்பட்டை அந்தத் தொடரைச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட மெக்சிகோ மக்களுக்காக, மெக்சிகோ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது என்ற வாசகத்தை அவர் அதில் எழுதிக் கட்டியிருந்தார். பெனால்டியை அவர் ஓடி வராமல், நின்ற இடத்தில் இருந்து ஒரே ஓர் எட்டில் அடிப்பார். போலந்துக்கு எதிராக அது கோல். காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக, இங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பெனால்டி வரிசையில் முதல் ஆளாக அதே போல் அடித்தார். பிரான்ஸ் கோல் கீப்பர் ஜோயல் பாட்ஸ் தடுத்துவிட்டார். 4-3 என்று பிரேசில் தோற்றது. என் அப்பா அந்த இரவு தூர்தர்ஷனை அணைத்துவிட்டு விடியும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொல்வார்.

ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்றாய். வேகம், பலம், கோப்பை இந்த மூன்றும் இல்லாமலும் நடுக்களத்தில் ஒருவர் ஆட்டத்தின் எஜமானாக இருக்க முடியும் என்பதை அவரை வைத்துத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். இன்னொன்றும் உனக்காகவே சொல்கிறேன். அவர் பிரேசில் அணிக்கு வந்த 1979-இல்தான், பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று 1941 முதல் அந்த நாட்டில் இருந்த தடை நீங்கியது. அதன் பிறகு வந்த ஃபோர்மிகா என்ற நடுக்கள ஆட்டக்காரர் 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். அவருடைய ஆட்டத்தையும் தேடிப் பார்.

முல்லைநகர் தாய்மாமன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஓட்டேரி அண்ணன் எழுதியதை அச்செடுத்துப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பெண்கள் பதினான்கு பேரையும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பயிற்சி நேரத்தை மாற்றலாமா என்று அவர் கேட்டார். பந்து எடுத்துவைக்கும் பையனுக்கும் ஒரு வாக்கு உண்டு என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வாரத்தில் நான்கு நாள், காலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை. மாதிரித் தேர்வு இருக்கிற வாரத்தில் வர வேண்டியதில்லை என்று முடிவானது. பன்னிரண்டு கை உயர்ந்தது. மறுத்த மூவரில் இருவருக்குக் காலையில் தண்ணீர் பிடிக்கிற வேலை இருக்கிறது. அவர்களுக்கு ஆறு மணி என்று தனியாக ஒப்புக்கொண்டார்கள்.

அக்கா பூட்ஸைப் பரணிலிருந்து தானே இறக்கினாள். மழைக்காலத்துச் சேறு காய்ந்து தோல் விறைத்துப்போயிருந்தது; விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்திருக்கிறாள்.

மருத்துவர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிறாள், நடுவில் ஒருமுறை பள்ளி மாறினோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது தடையாகுமா?

ராயபுரம் மருத்துவர்:

தடை இல்லை தம்பி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இரண்டும் அரசுப் பள்ளி என்றால் போதும். முதலில் படித்த பள்ளியில் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தாள் என்ற சான்றிதழைத் தேர்வு நெருங்கும் வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள். விளையாட்டு வீரர்களுக்கும் தனியே சில இடங்கள் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு, மாநில, தேசிய அளவுச் சான்றிதழ்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அவள் ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கள்.